சமூகப் பணிப் பட்டம்: செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விசயம்தான்: சமூகப் பணி படிக்கலாமா, படித்தால் அந்தச் சம்பளத்தில் வாழலாமா. எல்லாம் எங்கள் திருகோணமலை மாவட்டத்துக்குள் இருந்தே வந்தவை. ஐந்தை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் அந்தப் பிள்ளை கேட்டதற்குள்ளேயே மற்றவர்களின் கேள்வியும் பாதி இருக்கிறது.

கேள்வி: அக்கா, உயர்தரம் கலைப்பிரிவில் இரண்டு தரம் எழுதிவிட்டேன், பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை. இப்போது என்.சி. வீதியில் ஒரு கடையில் மாதம் 30,000 ரூபாவுக்கு வேலை செய்கிறேன். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் மூன்று வருடத்தில் சமூகப் பணிப் பட்டம் தருவதாகச் சொல்கிறது, கட்டணம் ஒன்பதரை இலட்சம். அம்மா தன்னுடைய நகையை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். எனக்கு இந்த வேலையில் உண்மையான விருப்பம் இருக்கிறது. செலவழித்தால் திரும்பி வருமா?
வாசகி, பாலையூற்று

பதில்: தங்கச்சி, விருப்பம் இருக்கிறது என்று எழுதியதை நம்புகிறேன், அதனால்தான் கணக்கை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஒன்பதரை இலட்சம் என்பது அவர்கள் துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்த தொகை மட்டும்தான். நீ கொழும்பில் போடிங்கில் இருக்க வேண்டும். வாடகை, சாப்பாடு, பஸ், போன், மாதத்தில் ஒரு தரம் இரவு ரயிலில் வீட்டுக்கு வந்துபோகிற செலவு எல்லாம் சேர்த்து மாதம் 40,000 என்று இறுக்கிப் பிடித்தே போடுவோம். 36 மாதத்துக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம். கடை வேலையை விட்டுவிட்டுப் போவதால் உன் கைக்கு வராமல் போகிற சம்பளம் 10 இலட்சத்து 80 ஆயிரம், இதையும் செலவில்தான் சேர்க்க வேண்டும், பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் சேர்ப்பதில்லை. எல்லாம் கூட்டினால் 34 இலட்சத்து 70 ஆயிரம், அடகு வட்டி தனி. ஆக, அவர்கள் கேட்கிற கட்டணம் உன் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

வரவுப் பக்கத்தைப் பார். உயர்தரத்தோடு ஒரு என்.ஜி.ஓ.வில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்தால் 50,000, பட்டத்தோடு சேர்ந்தால் 70,000 என்று வைத்துக்கொள்வோம். பட்டம் உனக்குச் சம்பாதித்துத் தருவது அந்த 20,000 வித்தியாசத்தை மட்டும்தான், முழு 70,000ஐயும் பட்டத்தின் கணக்கில் எழுதக் கூடாது. 34 இலட்சத்து 70 ஆயிரத்தை 20,000ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 173 மாதம், பதினாலரை வருடம். இடையில் வேலை இல்லாமல் இருக்கிற மாதங்கள், கல்யாணம், பிள்ளை, அப்பா அம்மாவின் வைத்தியச் செலவு எதுவும் இதில் இல்லை.

இதோடு களப்பயிற்சியையும் யோசி. சமூகப் பணிப் படிப்பு எந்த நாட்டிலும் வகுப்போடு முடியாது. அவுஸ்திரேலியாவில் ஆயிரம் மணித்தியாலம் களத்தில் நின்றால்தான் பட்டம், அமெரிக்காவில் முதுமாணிக்கு 900 மணித்தியாலம், இங்கும் களப்பயிற்சி இல்லாத சமூகப் பணிப் படிப்பு என்று ஒன்று இருந்தால் அந்தப் பக்கமே போகாதே. அந்த நாட்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, பகுதிநேர வேலையும் செய்ய முடியாது. நம்முடைய மாவட்டத்திலேயே பயிற்சி கிடைத்தாலும் வெருகலுக்கோ ஈச்சிலம்பற்றுக்கோ போய்வந்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும், பஸ் காசு உன்னுடையது, சாப்பாடு உன்னுடையது, போகிற வீட்டில் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பக்கெட் வாங்கிக்கொண்டு போகிற மனமும் உன்னுடையது. என்னோடு பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பலர் மாதக் கடைசியில் பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஒரு பாடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளியதைப் பார்த்திருக்கிறேன். படிக்கத் தெரியாததால் பின்தங்கியவர்கள் இல்லை அவர்கள்.

சரி, பட்டமே வேண்டாமா என்று கேட்பாய். என் கதையைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு திருகோணமலையில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு நிறுவனத்தின் பெயர்ப்பலகை, வாசலில் ஒரு வெள்ளை வாகனம். நான் உயர்தரத்தோடு ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன், பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த என் தோழியை விடக் கூடச் சம்பளம் எடுத்தேன், பட்டம் எதற்கு என்று அப்போது உண்மையாகவே நினைத்தேன். யுத்தம் முடிந்த பிறகு புரொஜெக்டுகள் ஒவ்வொன்றாக மூடின. என் புரொஜெக்டும் முடிந்தது. அடுத்த நிறுவனத்தில் நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது, நான் வேலை பழக்கிவிட்ட பிள்ளையைப் பட்டம் இருக்கிறது என்று எடுத்தார்கள், எனக்குப் படிவத்தில் கல்வித்தகைமை என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. ஒன்பது மாதம் வீட்டில் இருந்தேன். அதற்குப் பிறகுதான் வேலை செய்துகொண்டே படித்து முடித்தேன். அதனால் முதல் சம்பளத்தை மட்டும் வைத்துப் பட்டத்தை எடைபோடாதே என்று சொல்கிறேன், இரண்டாவது வேலை தேடுகிற அன்றைக்கும் அது உனக்குத் தேவைப்படும். எந்தப் பட்டம், எவ்வளவு கடனில் என்பதுதான் கேள்வி.

நம்முடைய நாட்டில் இந்தப் படிப்புக்கென்றே அரசாங்க நிறுவனம் ஒன்று இருக்கிறது, தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம். 1952இல் தொடங்கிய பயிற்சி நிலையம்தான் வளர்ந்து, 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இந்த நிறுவனமானது. சமூகப் பணியில் டிப்ளோமா நெடுங்காலமாக இருக்கிறது, நான்கு வருடப் பட்டம் 2005இல் வந்தது. விண்ணப்பம் கோருகிற அறிவித்தல் வரும்போது மொழி மூலம் எது என்பதை முதலில் பார். இரண்டாவது வழி, மூன்றாம் தரம் உயர்தரம் எழுதுவது. அதற்கு உனக்கு இன்னும் உரிமை இருக்கிறது. வெட்டுப்புள்ளி கிடைத்து வந்தாறுமூலையில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ போய்ச் சமூகவியல் படித்தால் கட்டணம் இல்லை, குடும்ப வருமானத்தைப் பொறுத்து மஹாபொல உதவித்தொகை கிடைக்கலாம், அது 2025இல் மாதம் 5,000இலிருந்து 7,500 ரூபாவாகக் கூடியிருக்கிறது. மூன்றாவது, வேலையை விடாமல் திறந்த பல்கலைக்கழகத்தில் சமூக விஞ்ஞானப் பக்கம் படிப்பது. மெதுவாகப் போகும், ஆனால் மேலே போட்ட கணக்கில் போடிங் 14 இலட்சமும் இழந்த சம்பளம் 10 இலட்சமும் அப்படியே மிஞ்சும். இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், ஒரு பக்கம் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு இன்னொரு பக்கம் இப்போதே ஒரு உள்ளூர் அமைப்பில் ஒரு வருடம் வேலை செய்து பார்ப்பது. வீட்டுக்கு வீடு போய், குடித்துவிட்டு வந்த கணவனைப் பற்றியும் நுண்கடன்காரர் வாசலில் வந்து நின்றதைப் பற்றியும் ஒரு பெண் சொல்வதைக் கேட்டுவிட்டு இரவில் உனக்கு நித்திரை வருகிறதா என்று அந்த ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். அதைத் துண்டுப்பிரசுரம் சொல்லாது.

அரசாங்க வேலை என்றால் நன்னடத்தை உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், ஆஸ்பத்திரி உளநலப் பிரிவில் சமூகப் பணியாளர் என்று இடங்கள் இருக்கின்றன. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ரூபாவாக, 2027 ஜனவரி வரை படிப்படியாகக் கூட்டுவதாக அறிவித்தார்கள். பட்டதாரிக்கு அதற்கு மேல், படிகள் தனி. ஆனால் அபிவிருத்தி உத்தியோகத்தர் போன்ற இடங்களுக்கு எந்தப் பட்டதாரியும் வரலாம், சமூகப் பணி படித்தவருக்கென்று ஒதுக்கி வைத்திருக்க மாட்டார்கள். அப்படியானால் அங்கே பார்ப்பது பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா இல்லையா என்பதைத்தான். உன்னிடம் காசு கேட்கிற நிறுவனத்திடம் போய், பட்டத்தைக் கொடுக்கிற பல்கலைக்கழகம் எது, அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் கேள். எழுத்தில் தராவிட்டால் எழுந்து வந்துவிடு.

அம்மாவின் நகையைத் தொடாதே. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

ஒன்றை மறந்துவிட்டேன், சிங்களம் படி. நம்முடைய மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள், தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். கந்தளாய்க்கும் கோமரங்கடவலைக்கும் தம்பலகாமத்துக்கும் போய் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசக்கூடிய பிள்ளைக்கு வேலை தேடிவருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அதற்கு ஆகிற செலவு ஒரு மாதப் போடிங் காசு கூட இல்லை.

கேள்வி: வயது 34, கிண்ணியா. சமூகவியலில் பட்டம் இருக்கிறது, ஒரு என்.ஜி.ஓ.வில் மாதம் 95,000 எடுக்கிறேன், கொன்ட்ராக்ட் ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பார்கள். சமூகப் பணியில் முதுமாணி செய்தால் நல்லதா? மனைவி, இரண்டு பிள்ளைகள், வீடு பாதியில் நிற்கிறது.

பதில்: தம்பி, முதலில் வீட்டின் கூரையைப் போடுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. உங்கள் 95,000 அடுத்த வருடம் இருக்குமா என்பது உங்கள் கையில் இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததும், ஜூலையில் அதன் உதவி நிறுவனமான யூஎஸ்எயிட் கதவை மூடியதும் உங்களுக்குத் தெரியாததல்ல, அந்தக் காசில் ஓடிய வேலைகள் எவ்வளவு சடுதியாக நின்றன என்பதையும் பார்த்திருப்பீர்கள். நல்லா வேலை செய்தவரும் சுமாராகச் செய்தவரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள்.

உங்கள் சம்பளத்தை அரசாங்கச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது வெறும் தொகையைப் பார்க்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் வெட்டி, அவர்கள் 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் அவர்களே போட வேண்டும். சில இடங்களில் ஆலோசகர் என்று பெயர் வைத்து இது எதையும் போடுவதில்லை. உங்களுக்குப் போடுகிறார்களா என்று இந்தக் கிழமையே பாருங்கள், போடாவிட்டால் உங்கள் 95,000இன் உண்மையான பெறுமதி பதினான்காயிரத்துக்கு மேல் குறைவு. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தால் பணிக்கொடைக்கும் உரித்து வரலாம். வருடாவருடம் கொன்ட்ராக்டை முறித்துப் புதிதாகத் தருகிறவர்கள் அதைத்தான் தவிர்க்கப் பார்க்கிறார்கள் என்பது என் அனுபவம், தொழில் திணைக்களத்தில் போய்க் கேட்டால் உங்கள் சேவைக்காலத்தை எப்படிக் கணக்கெடுப்பார்கள் என்று சொல்வார்கள்.

முதுமாணிக்கு வருவோம். இரண்டு வருடம், வார இறுதி வகுப்பு என்றால் வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டுத் திங்கள் விடிய வந்து இறங்கி நேரே வேலைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை அப்பா இல்லாமல் இருப்பார்கள், இதற்கு ரூபாய்க் கணக்குப் போட எனக்குத் தெரியாது, உங்கள் மனைவியிடம் கேளுங்கள். நீங்கள் இப்போது குறிவைக்கிற அடுத்த பதவியின் விளம்பரங்கள் ஐந்தைச் சேர்த்து எடுத்துப் பாருங்கள். முதுமாணி கட்டாயம் என்று மூன்றிலாவது இருந்தால் செய்யலாம். விரும்பத்தக்கது என்று மட்டும் இருந்தால், அதே நேரத்தையும் காசையும் அறிக்கை எழுதுகிற ஆங்கிலத்துக்கும் நிதிக் கணக்கு பார்க்கிற பழக்கத்துக்கும் கொடுத்தால் சீக்கிரம் பலன் வரும். உங்கள் நிறுவனம் கட்டணத்தில் பாதியாவது தருமா என்று கேட்கவும் வெட்கப்படாதீர்கள், கேட்டவர்களுக்குச் சில வேளை கிடைத்திருக்கிறது.

கேள்வி: அக்கா ரொரன்ரோவில் இருக்கிறார், அங்கே வந்து சமூகப் பணி படி, இலட்சக்கணக்கில் சம்பளம் என்கிறார். போகலாமா?
வாசகர், உவர்மலை

பதில்: டொலரை ரூபாவாக மாற்றிப் பார்த்தால் எந்தச் சம்பளமும் இலட்சம்தான். ரொரன்ரோவில் வாடகையும் டொலரில்தான். அங்கே சமூகப் பணியாளர் என்ற பெயரே சட்டத்தால் காக்கப்பட்டது, ஒன்ராறியோவில் அதற்கான ஒழுங்குபடுத்தும் சபையில் பதிந்தால்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். வேறு பாடத்தில் பட்டம் இருந்தால் முதுமாணி வழக்கமாக இரண்டு வருடம், சமூகப் பணியிலேயே முதல் பட்டம் இருப்பவருக்குப் பல பல்கலைக்கழகங்களில் ஒரு வருடத்தில் முடிகிற வழி உண்டு. நம்முடைய பட்டத்தை அவர்கள் அப்படி எடுத்துக்கொள்வார்களா என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே கேளுங்கள். வெளிநாட்டுச் சமூகப் பணிப் பட்டங்களைக் கனடியச் சமூகப் பணியாளர் சங்கம் மதிப்பிடுகிறது. அவுஸ்திரேலியா என்றால் அங்குள்ள சங்கத்தின் மதிப்பீடு வேண்டும், ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் ஒவ்வொரு பிரிவிலும் 7 கேட்பார்கள்.

வெளிநாட்டு மாணவரிடம் வாங்குகிற கட்டணம் உள்ளூர் மாணவரின் கட்டணத்தை விடப் பல மடங்கு. நான் எல்லோருக்கும் சொல்கிற அளவு ஒன்று இருக்கிறது: படித்து முடிக்கும்போது மொத்தக் கடன் அந்த நாட்டில் முதல் வருடத்தில் எடுக்கப்போகிற சம்பளத்துக்கு மேலே போகக் கூடாது. அமெரிக்காவில் சமூகப் பணியாளரின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் 2024இல் 61,330 டொலர், அதுவும் பல வருட அனுபவக்காரரையும் சேர்த்த கணக்கு. அதைப் போல இரண்டு மடங்கு கடன் வாங்கி முதுமாணி முடித்த பிள்ளைகள் அங்கேயே தவிக்கிறார்கள். உங்கள் அக்கா வீட்டில் தங்கவும் சாப்பிடவும் இடம் தருவாரானால் கணக்கு மாறும், அதை அவரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள், போய் இறங்கிய பிறகு கேட்கிற கேள்வியல்ல அது.

கேள்வி: மகள் இந்தப் படிப்புக்கு ஆசைப்படுகிறாள். நான் மூதூரில் இருக்கிறேன், 2006ஐ மறக்க முடியவில்லை. காசைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, பயம்தான்.
ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. 2006 ஆகஸ்டில் மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளர்களும் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் வழி செய்யப் போன பிள்ளைகள். அந்த வீடுகளுக்கு நியாயம் இன்னும் வரவில்லை. உங்கள் பயத்தை யாரும் அறியாமை என்று சொல்ல விடாதீர்கள், மகளையும் சொல்ல விடாதீர்கள்.

இன்றைக்கு இந்த வேலையில் இருக்கிற ஆபத்து வேறு மாதிரியானது. இரவு நேரத்தில் தனியாக ஒரு வீட்டுக்குப் போவது, பிள்ளையைத் துன்புறுத்தியவன் அடையாளம் கண்டு மிரட்டுவது, தினமும் மற்றவர் துயரத்தைக் கேட்டுக் கேட்டு உள்ளே உடைந்துபோவது. நல்ல இடம் என்றால் இரண்டு பேராக அனுப்புவார்கள், போகிற இடத்தைப் பதிவில் எழுத வைப்பார்கள், மேற்பார்வையாளர் கிழமைக்கு ஒரு தரமாவது உட்கார்ந்து கேட்பார். மகள் எந்த வேலைக்குப் போனாலும் இந்த மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள், சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னர். கூடவே அவள் முதல் களப்பயிற்சிக்குப் போகும்போது ஒரு நாள் நீங்களும் பக்கத்து ஊர் வரையாவது போய்வாருங்கள். அவள் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தால் இந்தப் பிள்ளை ஏன் இதைக் கேட்கிறாள் என்று உங்களுக்கே விளங்கும் என்று நினைக்கிறேன். விளங்காவிட்டால் எனக்குத் திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: ஆறு மாத உளவளத்துணை சான்றிதழ், 35,000 ரூபா, முடித்ததும் வேலை நிச்சயம் என்று முகநூலில் பார்த்தேன். சேரலாமா?
வாசகி, நிலாவெளி

பதில்: வேலை நிச்சயம் என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரியே போதும், சேர வேண்டாம். கற்றுக்கொள்ள விருப்பம் இருந்தால், அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா, சான்றிதழுக்கு தேசிய தொழிற் தகைமையின் எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். மட்டம் இல்லாத சான்றிதழை விண்ணப்பப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. அந்த 35,000ஐ வைத்திருங்கள், வெள்ளிக்கிழமை தோறும் வருகிற அரச வர்த்தமானியைப் பாருங்கள், கிழக்கு மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழு நம்முடைய ஊரிலேயே இருக்கிறது, அங்கே ஒரு தரம் நேரில் போய் உங்கள் தகைமைக்கு எந்தப் பரீட்சை எழுதலாம் என்று விசாரியுங்கள். நிலாவெளியில் இருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம்தான்.